தரம் 10, 11 இங்கிலிஷ் வகுப்பு: உள்ள என்ன நடக்கும், எப்பிடித் தயாராகிறது

தரம் 9 வரைக்கும் இங்கிலிஷ் பாடத்த எப்பிடியாவது சமாளிச்சுப் போடலாம். மிஸ் போர்ட்ல எழுதுவா, நாங்க கொப்பியில இறக்குவம், தவணைச் சோதனைக்கு அதில பாதி வரும், மிச்சத்துக்குப் பக்கத்தில இருக்கிறவன்ட பேப்பர எட்டிப் பாத்தா சரி. பத்தாம் ஆண்டுக்குப் போனதும் இந்த வித்தை ஓடாது, ஏனெண்டா இனிக் கேக்கப் போறது நீங்க சொந்தமா என்ன எழுதுவீங்க எண்டதத்தான், அத யாரும் போர்ட்ல எழுதித் தர ஏலாது. கனபேர் இத பதினொராம் ஆண்டு நடுவிலதான் கண்டுபிடிக்கிறாங்க, அதுக்குள்ள மற்றப் பாடமெல்லாம் கழுத்தப் பிடிக்கத் தொடங்கிரும். அதால இப்ப பத்துக்குப் போற தம்பி தங்கச்சிமாருக்கும், பிள்ளைய டியூசனுக்கு விடுறதா வேண்டாமா எண்டு யோசிக்கிற அம்மா அப்பாமாருக்கும் சேத்து எழுதுறன். திருகோணமலையில ஓஎல் (பதினொராம் ஆண்டு முடிய எழுதுற சாதாரண தரச் சோதனை) பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் சொல்லிக் குடுக்கிறதுதான் என்ட வேலை, அதால கொஞ்சம் மிஸ் மாதிரித்தான் கதைப்பன், குறை நினைக்காதீங்க.

முதல்ல கணக்கு வழக்கு. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஒரு இங்கிலிஷ் பீரியட் இருக்கும், நாப்பது நிமிசத்துக்குக் கிட்ட, ஆனா முதல் பீரியட் எண்டா அசெம்பிளி இழுபடும், கடைசிப் பீரியட் எண்டா எல்லாரும் பசியில இருப்பாங்க, உண்மையா முப்பது நிமிசம் கிடைச்சாப் பெரிய விசயம். அரசாங்கம் இலவசமாத் தாற புத்தகம் ரெண்டு, ஒண்டு பாடப்புத்தகம், மற்றது வேர்க்புக். வேர்க்புக்க அரவாசிப் பேர் திறந்து பாக்கிறதே இல்ல, வருசம் முடியேக்க கடையில வாங்கின மாதிரிப் புதுசாக் கிடக்கும், பிறகு தம்பிக்குக் குடுப்பாங்க, அவனும் அப்பிடியே வச்சிருப்பான். உண்மையில சோதனைக் கேள்விக்கு மிச்சம் கிட்டவா இருக்கிறது அந்தப் பயிற்சிகள்தான்.

ஓஎல் சோதனை ரெண்டு பேப்பர். முதல் பேப்பர் ஒரு மணித்தியாலம், மற்றது ரெண்டு மணித்தியாலம். கேள்வியெண்டு சொல்லாம டெஸ்ட் எண்டுதான் போட்டிருக்கும், மொத்தம் 16 டெஸ்ட், முதல் எட்டும் முதல் பேப்பர்ல, 9ல இருந்து 16 மட்டும் ரெண்டாவதில. பதில வினாத்தாள்லயே எழுதோணும், எத்தின கோடு விட்டிருக்கெண்டு பாத்தாலே எவ்வளவு எழுதச் சொல்றாங்க எண்டு விளங்கும். 75ம் அதுக்கு மேலயும் ஏ, 65ல இருந்து பி, 50ல இருந்து சி, 35 எடுத்தா எஸ், அதுதான் சாதாரண பாஸ், அதுக்குக் கீழ டபிள்யூ, அது ஃபெயில். ஏஎல் எண்ட உயர்தரம் படிக்கப் போறதுக்குத் தாய்மொழியும் கணக்கும்தான் கட்டாயம், இங்கிலிஷ் பாஸ் கட்டாயமில்ல, இந்த ஒரு காரணத்த வச்சுக்கொண்டே இங்கிலிஷ ஓரமா வைக்கிற பொடியன்மார் கனபேர். வைக்கட்டும், ஆனா பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர கோணேசபுரி வளாகத்துக்கோ வேற கம்பஸுக்கோ போனா லெக்சர் கனக்க இங்கிலிஷ்லதான் நடக்கும், நிலாவெளியில ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷன் வேலைக்குப் போனாலும் முதல் கேள்வி இங்கிலிஷ்லதான் வரும்.

இப்ப வகுப்புக்குள்ள வருவம். ஒரு யூனிட் அனேகமா ஒரு படத்தோட அல்லது சின்னக் கேள்வியோட தொடங்கும், பிறகு ஒரு வாசிப்புப் பகுதி, அதுக்குக் கீழ கேள்வி, பிறகு ஒரு கிரமர் விசயம், கடைசியா எழுத்து வேலை. மிஸ்மார் செய்யிற முதல் வேலை பிள்ளைகள எழுப்பி வாசிக்கச் சொல்றது. இதுதான் கனபேருக்கு வயித்தக் கலக்கிற இடம். நாப்பது பேருக்கு முன்னால எழும்பி நிண்டு ஒரு சொல்ல மாத்தி உச்சரிச்சாக் காணும், பின்வாங்கு சிரிக்கும், அந்த வருசம் முழுக்க அந்தச் சொல்தான் உங்கட பட்டப்பேர். என்ன செய்யலாமெண்டா, அடுத்த நாள் வாசிக்கப் போற பகுதிய முதல் நாள் ராவே வீட்டில சத்தமா ரெண்டு தரம் வாசிச்சுப் போட்டுப் போங்க, தெரியாத சொல்ல போன்ல டிக்சனரியில அமத்தினா சத்தமா உச்சரிச்சுக் காட்டும். மிஸ் யாரை எழுப்புறது எண்டு பாக்கேக்க நீங்களே கைய உயத்துங்க, முந்தியே வாசிச்ச பகுதியெண்டா பயமில்ல, இன்னொண்டு, ஒரு தரம் வாசிச்சவர அந்தக் கிழமை திருப்பி எழுப்பிறது குறைவு, அது உங்களுக்கு லாபம்தானே.

கிரமர் பற்றிப் பெரிய பயம் ஒண்டு இருக்கு, அது அவ்வளவு தேவையில்ல. பத்தாம் ஆண்டில அழுத்தமா வாறது கொஞ்சம்தான், பசிவ் வொய்ஸ், ரிப்போட்டட் ஸ்பீச், இஃப் போட்ட வசனங்கள், ஹூ, விச் வச்சு ரெண்டு வசனத்தச் சேக்கிறது. மிச்சமெல்லாம் ஆறாம் ஆண்டில இருந்து படிச்சதுதான், அதில விட்ட பிழையத்தான் இன்னும் விட்டுக்கொண்டிருப்பம். என்ட வகுப்பில ஒவ்வொரு வருசமும் வாற ஒரு வசனத்த அப்பிடியே தாறன் பாருங்க, கோட்டைக்குள்ள இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போனதப் பற்றி எழுதச் சொன்னா இப்பிடித்தான் வரும்:

"லாஸ்ட் சண்டே ஐ அண்ட் மை ஃபேமிலி வாஸ் கோ டு கோணேசர் டெம்பிள். தேர் இஸ் மெனி டியர்ஸ் இன் ஃபோர்ட்."

இதில அஞ்சு இடம் கைவைக்கோணும். ஐ எண்டதப் பின்னால தள்ளுங்க, மை ஃபேமிலி அண்ட் ஐ, அதுதான் இங்கிலிஷ்ல மரியாத. வாஸ் கோ எண்டு ஒண்டு இல்லவே இல்ல, முடிஞ்ச விசயம் எண்டா வென்ட், அவ்வளவுதான், வாஸ கூட ஒட்டத் தேவையில்ல. போனது போன ஞாயிறு, அதால ரெண்டாவது வசனமும் அந்த நாளைக்குத்தான் போகோணும், இஸ் எண்டு நிக்க ஏலாது, மான் கனக்க நிண்டதால வாஸும் இல்ல, வேர். டியர்ஸ் எண்டு எஸ் போடாதீங்க, ஒரு மானும் டியர், கோட்டை வாசல்ல நிக்கிற அம்பது மானும் டியர்தான். கடைசியா ஃபோர்ட்டுக்கு முன்னால த வேணும். தமிழ்ல இந்த அ, த எண்ட சின்னச் சொல்லுகள் இல்லாததால எங்கட கைக்கு அது தானா வராது, எழுதி முடிச்ச பிறகு அதுக்கெண்டே ஒரு தரம் திருப்பி வாசிக்கோணும். ஆக மொத்தம், "லாஸ்ட் சண்டே மை ஃபேமிலி அண்ட் ஐ வென்ட் டு கோணேசர் டெம்பிள். தேர் வேர் மெனி டியர் இன் த ஃபோர்ட்." ஒரு பெரிய சொல்லும் இதில இல்ல, ஆனா திருத்துறவருக்கு இதுதான் வேணும்.

நான் சொல்றது என்னெண்டா கிரமர் புத்தகம் புதுசா ஒண்டு வாங்கிறதுக்கு முதல் உங்கட பழைய கொப்பியில மிஸ் சிவப்புப் பேனையால வட்டம் போட்ட இடங்கள ஒரு பக்கத்தில எழுதிப் பாருங்க. எல்லாம் சேத்து ஏழெட்டு வகைப் பிழைதான் வரும், ஹி, ஷி வந்தா வினைச்சொல்லுக்கு எஸ் போட மறக்கிறது, டிட் நொட் வென்ட் எண்டு எழுதுறது, அ, த விடுறது, ஒரு வசனம் நேற்று அடுத்த வசனம் இண்டைக்கு எண்டு தாவுறது, இப்பிடி. உங்கட பட்டியல் உங்களுக்கு, பக்கத்தில இருக்கிறவருக்கு வேற.

எழுத்து வேலைக்கு வருவம், இதிலதான் மெனக்கெட வேணும். சோதனையில சின்ன எழுத்து, நடு எழுத்து, பெரிய எழுத்து எண்டு மூண்டு அளவு வரும். சின்னது அம்பது சொல்லுக்குக் கிட்ட, ஒரு நோட்டீஸ், ஒரு குறிப்பு, ஒரு அழைப்பு அந்த மாதிரி. நடுவானது 100 சொல், கடிதம் அல்லது கிராஃப். பெரியது 200 சொல், கட்டுரை, ஸ்பீச், கதை எண்டு நாலஞ்சு தந்து ஒண்டத் தெரிய விடுவாங்க.

கடிதத்தில பயப்பட ஒண்டும் இல்ல, அச்சு மாறாது. உங்கட ஊர்ல தெருவிளக்கு எரியிறதில்ல எண்டு பிரதேச சபைத் தலைவருக்கு எழுதச் சொன்னா, உங்கட விலாசம், திகதி, அவர்ட விலாசம், டியர் சேர், அதுக்குக் கீழ ஒரு வரியில விசயம், பிறகு பந்தி, கடைசியில யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி. கேள்வியில உங்கட பேர் இன்னது எண்டு தந்திருந்தா அதையே போடுங்க, சொந்தப் பேர எழுதாதீங்க. இந்த அச்சுக்கெண்டே புள்ளி இருக்கு, கிரமர் சரிவராத பிள்ளையும் எடுக்கலாம், அப்பிடி இருந்தும் திகதிய விட்டுட்டு வாறவங்க இருக்கிறாங்க. உள்ளுக்குப் பந்தியில மட்டும் ஒரு விசயம் கவனியுங்க, எந்தத் தெரு, எப்ப இருந்து எரியேல்ல, அதால என்ன நடந்தது, என்ன செய்யச் சொல்றீங்க, இந்த நாலும் இருக்கோணும். "எங்கட ஊர் இருட்டா இருக்கு, தயவுசெய்து உதவி செய்யுங்க" எண்டு மூண்டு விதமாச் சொன்னா ஒரு விசயத்துக்குத்தான் புள்ளி.

கிராஃப் எண்டா கனபேர் ஒதுங்கிப் போறாங்க, எனக்கு அது விளங்கவே இல்ல, ஏனெண்டா சொல்ல வேண்டியது முழுக்கப் படத்திலயே கிடக்கு. ஒரு வகுப்பில 40 பேர், எப்பிடிப் பள்ளிக்கூடத்துக்கு வாறாங்க எண்டு ஒரு பார் கிராஃப் எண்டு வச்சுக்கொள்ளுங்க: பஸ்ல 16, சைக்கிள்ல 12, ஓட்டோவில 8, நடந்து 4. முதல் வசனம் கிராஃப் எதப் பற்றினது எண்டு சொல்லோணும், அத கிராஃப்ட தலைப்பில இருந்தே எடுக்கலாம். ரெண்டாவது, கூடினது எது: "த ஹையெஸ்ட் நம்பர் ஒஃப் ஸ்டூடன்ட்ஸ் கம் டு ஸ்கூல் பை பஸ்." இந்த இடத்தில மோஸ்ட் ஒஃப் த ஸ்டூடன்ட்ஸ் எண்டு எழுதாதீங்க, 40 பேர்ல 16 அரவாசியும் இல்லையே, கணக்குப் படிச்ச நாங்க அதையும் பாக்கோணும். பிறகு குறைஞ்சது: "ஒன்லி ஃபோர் ஸ்டூடன்ட்ஸ் வோக் டு ஸ்கூல்." பிறகு ஒப்பிட்டுப் பாக்கிற வசனம் ரெண்டு மூண்டு, ஓட்டோவில வாறவங்க நடந்து வாறவங்கட ரெண்டு மடங்கு, அதுக்கு ட்வைஸ் எண்ட சொல் காணும், சைக்கிளில வாறவங்க பஸ்ல வாறவங்கள விட நாலு பேர் குறைவு. கடைசியில பொதுவா ஒரு வசனம், அரவாசிக்கு மேல பஸ்லயும் சைக்கிளிலயும்தான் வாறாங்க எண்டு. முடிஞ்சுது. ஏன் பஸ்ல வாறாங்க, பஸ் நல்லதா கூடாதா எண்டு சொந்த ஆராய்ச்சி தேவையில்ல, கிராஃப்ல இல்லாதத எழுதினா அதுக்குப் புள்ளி போட இடமே இல்ல.

200 சொல் கட்டுரையிலதான் எனக்குக் கோபம் வாறது, பிள்ளைகளோட இல்ல, மனப்பாடம் பண்ணக் கட்டுரை அச்சடிச்சுக் குடுக்கிற வகுப்புகளோட. பத்துக் கட்டுரைய உரு அடிச்சுக்கொண்டு போனா அதில ஒண்டு வருமெண்டு நம்பிக்கை குடுக்கிறாங்க. நடக்கிறது என்னெண்டா, உங்கட ஊர்க் கடற்கரையப் பாதுகாக்கிறதப் பற்றிப் பாடசாலைச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எண்டு கேட்டா பிள்ளை உரு அடிச்ச பொலூஷன் கட்டுரைய இறக்கும், அதில முதல் பந்தி ஃபெக்டரிப் புகை, ரெண்டாவது பந்தி வாகனச் சத்தம், கடல் எண்ட சொல் கடைசி வரியில மட்டும் வரும். திருத்துறவருக்கு இது ஒரே பார்வையில தெரியும், ஏனெண்டா இதே கட்டுரையத்தான் அவ முதல் நூறு பேப்பர்லயும் பாத்திருப்பா.

இதையே நாங்க எப்பிடி எழுதலாம்? திருகோணமலைப் பிள்ளைக்குக் கடற்கரை பற்றி எழுத உரு அடிக்கத் தேவையே இல்லையே. எழுதத் தொடங்க முதல் ஓரத்தில பென்சிலால நாலு சொல் போடுங்க, தமிழ்ல போட்டாலும் பரவாயில்ல, பிறகு அழிக்கலாம். ஒண்டு, கண்ணால பாக்கிறது: நிலாவெளிப் பக்கம் ஞாயிறு பின்னேரம் போனா லஞ்ச் ஷீட், யோகட் கப், தண்ணிப் போத்தல், அறுந்த வலைத் துண்டு. ரெண்டு, யாருக்குப் பாதிப்பு: பிளாஸ்டிக்கச் சாப்பாடெண்டு நினைச்சு விழுங்கிற ஆமை, முருகைக்கல், கரைவலை இழுக்கிற ஆக்கள், நிலாவெளிக் கடல்ல இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போட் ஓட்டிப் பிழைக்கிற ஆக்கள். புறாமலை 2003ல தேசியப் பூங்கா ஆக்கினது எண்டு ஒரு வரி போட்டா கட்டுரை உடன நிமிந்து நிக்கும். மூண்டு, யார் என்ன செய்யலாம்: வாறவங்க, பள்ளிக்கூடம், சபை. நாலு, சஞ்சிகை வாசிக்கிற பிள்ளைகளப் பாத்து ஒரு கோரிக்கை. நாலு பந்தி, பந்திக்கு அம்பது சொல், கணக்குச் சரி. சின்ன வசனமா எழுதுங்க. ஒரு வசனத்தில மூண்டு அண்ட் போட்டா மூண்டு பிழைக்கு இடம் குடுக்கிறீங்க (தமிழ்ல நான் இப்ப எழுதிக்கொண்டிருக்கிற மாதிரி எழுதவே வேண்டாம்).

எழுதிப் பழகிறதுக்கும் ஊரையே வச்சுக்கொள்ளுங்க. கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, அத அஞ்சு வசனத்தில விபரிச்சுப் பாருங்க, கொம்பரேட்டிவ் முழுக்கப் பழகிப் போடலாம், ஹொட்டர், கூலர், த ஹொட்டஸ்ட். உங்கட வீட்டில இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்லுங்க, டேர்ன் லெஃப்ட், கோ ஸ்ட்ரெயிட், நெக்ஸ்ட் டு எல்லாம் அதில வந்திரும். அசெம்பிளியில நடந்த ஒரு பகிடிய அஞ்சு வசனத்தில எழுதுங்க, முடிஞ்ச விசயத்தச் சொல்ற பழக்கம் வரும். ஒரு நாளைக்கு அஞ்சு வசனம் காணும். பத்து வேண்டாம், பத்தெண்டு தொடங்கினா மூண்டாம் நாள் விட்டுடுவீங்க.

வாசிப்புக் கேள்விக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்றன். கேள்விகள முதல்ல வாசிங்க, பிறகு பந்திக்குப் போங்க. தெரியாத சொல் கட்டாயம் வரும், வேணுமெண்டுதான் போட்டிருப்பாங்க, முன்னுக்குப் பின்னுக்கு இருக்கிற வசனத்த வச்சு மட்டுக் கட்டுங்க. இந்தச் சொல்லுக்குக் கிட்டின கருத்துள்ள சொல்லப் பந்தியில இருந்து எடு எண்டு கேட்டா ஒரு சொல் மட்டும்தான், முழு வசனத்தையும் இறக்காதீங்க. அஞ்சாவது வரியில வாற தே யாரக் குறிக்குது எண்டு கேட்டா பதில் அனேகமா அதுக்கு முந்தின வசனத்தில இருக்கும். வை எண்டு தொடங்கிற கேள்விக்கு பிகோஸ் எண்டு தொடங்கி எழுதினாலே பாதி வழி வந்திரும். சின்னக் கவிதையும் சில நேரம் வரும், கவிதையக் கண்டதும் பக்கத்தப் புரட்டாதீங்க, கேக்கிற கேள்வி பந்திக்குக் கேக்கிற மாதிரித்தான்.

கதைக்கிறது எங்க எண்டு கேப்பீங்க. சரியான கேள்வி. ஓஎல் சோதனை எழுத்துச் சோதனை, அதால வகுப்பிலயும் கதைக்கிறதுக்குக் கிடைக்கிற நேரம் குறைவுதான், எனக்கு அது பிடிக்கிறதில்ல, ஆனா நாப்பது பேர வச்சுக்கொண்டு நாப்பது நிமிசத்தில மிஸ் என்னதான் செய்வா. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு டயலொக், சின்ன ஸ்பீச், குரூப் வேலை எண்டு சிலது தருவாங்க, அத புள்ளிக்காக மட்டும் செய்யாம வடிவாச் செய்யுங்க. இங்கிலிஷ் டே போட்டிகளும் இருக்கு, பாடசாலையில தொடங்கி வலயம், மாகாணம், அகில இலங்கை எண்டு போகும், ரெசிடேஷன், ஓரட்டரி, டிக்டேஷன், கிரியேட்டிவ் ரைட்டிங், கொப்பி ரைட்டிங் எல்லாம் அதில வரும். கதைக்க வெட்கமெண்டா டிக்டேஷனுக்குப் பேர் குடுங்க, வாய் திறக்கத் தேவையில்ல, காது பழகும், ஸ்பெல்லிங்கும் பழகும்.

இன்னொரு விசயம், எங்கட ஊர்ல மட்டும் கிடைக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கப் பொடியன்மார் ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் மட்டும் சீசன் நேரம் வெள்ளைக்காரரோட நல்லா இங்கிலிஷ் கதைப்பாங்க, திமிங்கிலம் பாக்கப் போட்ல கூட்டிக்கொண்டு போய் முழு விளக்கமும் குடுப்பாங்க, ஒரு தயக்கமும் இல்ல. அதே பொடியன் வகுப்பில பேப்பர்ல 30 எடுத்துப் போட்டு, "மிஸ், எனக்கு இங்கிலிஷ் வராது" எண்டு சொல்லுவான். டவுனுக்குள்ள பெரிய பள்ளிக்கூடத்தில படிக்கிற பிள்ளை 80 எடுக்கும், ஒரு ஆள் வந்து பஸ் ஸ்டாண்ட் எங்க எண்டு கேட்டா அம்மாக்குப் பின்னால ஒளிக்கும். ரெண்டு பேருக்கும் மற்றவர்ட்ட இருக்கிறது வேணும். கடற்கரையில கதைக்கிற பொடியன் செய்ய வேண்டியது, கதைச்சத ராவைக்கு நாலு வசனமா எழுதி யெஸ்டர்டே எண்டு தொடங்கி வினைச்சொல்ல மாத்திப் பாக்கிறது. மற்றப் பிள்ளை கிரிக்கெட் மெட்ச் பாக்கேக்க இங்கிலிஷ் கொமெண்ட்ரிய நிப்பாட்டாம கேக்கட்டும், ஓவர் முடிய என்ன நடந்ததெண்டு தங்கச்சிக்கு இங்கிலிஷ்ல சொல்லட்டும், பிழைச்சா என்ன, தங்கச்சி மார்க் போடப் போறாவா.

போன் விசயத்தையும் சொல்லத்தான் வேணும். ஹோம்வேர்க்க கூகிள் டிரான்ஸ்லேட்லயும் சாட் ஜிபிடியிலயும் போட்டு இறக்கிறது இப்ப எல்லா இடமும் நடக்குது. மிஸ்மாருக்குத் தெரியாதெண்டு நினைக்காதீங்க. நேற்று ஹி கோ எண்டு எழுதின பிள்ளை இண்டைக்கு ஃபர்தர்மோர், நெவர்தலெஸ் எண்டு எழுதினா யாருக்கும் விளங்கும், மிஸ் எழுப்பி அந்தச் சொல்ல வாசிக்கச் சொன்னா கதை முடிஞ்சுது. அதே போன திருத்துறதுக்குப் பாவியுங்க: முதல்ல நீங்க எழுதுங்க, பிறகு இதில என்ன பிழை, ஏன் பிழை எண்டு கேளுங்க, பிறகு போன மூடி வச்சுப் போட்டு திருப்பி எழுதுங்க. கடைசிப் பகுதிய விட்டீங்களெண்டா முதல் ரெண்டும் வீண்.

டியூசனுக்கு விடுறதா எண்டு அம்மா அப்பாமார் கேக்கிறதுக்கு என்ட பதில், அங்க எழுத வச்சுத் திருத்துறாங்களா எண்டு பாருங்க. ஒரு கிழமைக்கு ஒரு எழுத்தாவது திருத்திக் குடுக்காத வகுப்பு, அது எவ்வளவு பேர் போனதெண்டாலும், நூறு பிள்ளைய ஹோல்ல இருத்தி மைக்ல கத்துற வகுப்பெண்டாலும், இங்கிலிஷுக்கு உதவாது. கணக்குக்கு அந்த மாதிரி வகுப்பு ஓரளவு சரிவரும், இதுக்கு வராது.

மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் உள்ளுக்க இருக்கிற சில பள்ளிக்கூடத்தில இங்கிலிஷ் மிஸ் இல்லாம மாசக்கணக்கா ஓடும், அந்தப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கேக்க எரிச்சலா இருக்கும் எண்டு தெரியும். அவங்களுக்கு நான் சொல்றது: பாடப்புத்தகம், வேர்க்புக், பழைய வினாத்தாள், இந்த மூண்டும் காணும். ரெண்டு மூண்டு பேர் சேருங்க. கிழமைக்கு ஒரு வாசிப்புப் பகுதி, அதுக்குரிய வேர்க்புக் பக்கம், ஒரு எழுத்து. எழுதினத மாத்தி மாத்தித் திருத்துங்க, மற்றவன்ட பிழை கண்ணுக்கு நல்லாத் தெரியும், அது எல்லாருக்கும் உள்ள குணம்தானே. கல்வி அமைச்சின்ர இ-தக்சலாவ தளத்தில புத்தகமும் பாடங்களும் இலவசமா இருக்கு. பழைய வினாத்தாள் எடுக்கேக்க புள்ளித் திட்டத்தையும் தேடி எடுங்க, அதப் பாத்தாத்தான் திருத்துறவர் எதுக்குப் புள்ளி போடுறார் எண்டு பிடிபடும்.

பாஸ்ட் பேப்பர எப்ப தொடங்கிறது? பத்தாம் ஆண்டு கடைசித் தவணையில முதல் பேப்பர மட்டும் தொடங்குங்க, அது லேசு, தைரியம் வரும். பதினொராம் ஆண்டில ரெண்டாவது பேப்பர், மணிக்கூட முன்னால வச்சு. சோதனை முந்தி டிசம்பர்ல எண்டு ஒரு ஒழுங்கு இருந்தது, கொரோனாவுக்குப் பிறகு மாசம் மாறி மாறித்தான் வருது, அதால திகதி வரட்டும் பிறகு படிப்பம் எண்டு இருக்காதீங்க. சோதனை மண்டபத்தில ரெண்டாவது பேப்பர் கையில கிடைச்சதும் 200 சொல் கேள்விய முதல்ல பாத்து எது எழுதுறதெண்டு முடிவு எடுத்துப் போட்டு மற்றக் கேள்விகளுக்குப் போங்க, மற்றதச் செய்யேக்க யோசனை தானா வந்து சேரும். அதுக்கு முப்பது நிமிசம் மிச்சம் வையுங்க, கடைசி அஞ்சு நிமிசம் உங்கட பிழைப் பட்டியல மனசில வச்சு ஒரு தரம் வாசிங்க. ஒரு டெஸ்ட்டையும் வெறுமையா விடாதீங்க, பிழைக்கு மைனஸ் புள்ளி இல்ல.

லிட்டரேச்சர் வேற பாடம், அதையும் இதையும் குழப்ப வேண்டாம். சித்திரம், சங்கீதம், நடனம் இருக்கிற தொகுதியில இங்கிலிஷ் லிட்டரேச்சரும் ஒரு தெரிவு, எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் படிப்பிக்கிறதில்ல. கவிதை, கதை, நாடகம் படிச்சு அதப் பற்றி எழுதோணும். வாசிக்க விருப்பமான பிள்ளையெண்டா எடுங்க, இங்கிலிஷ் நல்லா வரும் எண்டதுக்காக மட்டும் எடுக்கிறதெண்டா ரெண்டு தரம் யோசிங்க, அது ஆறாம் ஆண்டில இருந்தே வாசிச்சு வந்த பிள்ளைக்கு லேசான பாடம், மற்றவைக்கு இல்ல.

ஓஎல்லோட இங்கிலிஷ் முடிஞ்சுதெண்டு நினைக்கிற ஆக்களுக்கு ஒரு செய்தி, ஏஎல்ல ஜெனரல் இங்கிலிஷ் எண்டு ஒண்டு காத்துக்கொண்டிருக்கு. கலை, வர்த்தகம், விஞ்ஞானம் எது எடுத்தாலும் அந்தப் பேப்பர் எழுதோணும், கம்பஸ் போறதுக்குப் பாக்கிற இசட் ஸ்கோர் எண்ட புள்ளிக் கணக்கில அது சேராது, அதால அந்தப் பீரியட்ட கனபேர் கண்டீனிலயும் லைப்ரரியிலயும் கழிக்கிறாங்க. ரிசல்ட் ஷீட்ல அந்தப் புள்ளியும் அச்சடிச்சு வரும், பிறகு வேலைக்குப் போற இடத்தில அத ஒரு கண் பாப்பாங்க. ஓஎல்ல எஸ் எடுத்த பிள்ளையும் அதுக்குப் போய் இருக்கலாம், கேக்கிறது இதே வாசிப்பு, இதே கடிதம், இதே கட்டுரைதான், கொஞ்சம் நீளம் கூட.